ஏகாம்பரம் மாமா சீட் பிடித்த ரயில்

ஒருவன் எந்த ஊர்க்காரன் என்பதை அவன் பேச்சை வைத்துக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. நான் அவன் சீட் பிடிக்கும் விதத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். எங்கள் சாத்தூர்ப் பக்கம் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே போய்விடும். துண்டு இல்லாதவர்கள் கைக்குட்டையைப் போடுவார்கள். அதுவும் இல்லாதவர்கள் கைக்குழந்தையை உள்ளே கொடுப்பார்கள். (நானும் அப்படிப் பலமுறை உள்ளே போயிருப்பதாக அம்மா சொல்வாள்.) ஒரகடத்தில் கம்பெனி பஸ் கலாசாரம் இதைவிடக் கொஞ்சம் நாகரிகமானது. முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவன் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுத் தூங்கிவிடுவான். யாராவது கேட்டால் கண்ணைத் திறக்காமலே "ஆளு வருது" என்பான். அந்த ஆள் அன்றைக்கு லீவாகக்கூட இருப்பார். ஆனாலும் பை எழுந்திருக்காது.

இந்த இரண்டு இடத்திலும் பயின்று தேறியவன் நான். அந்தத் தேர்ச்சியை ஜெர்மனியில் ஒரு ரயிலில் காட்டப்போய்த்தான் என் மாமனாரைத் தொலைத்தேன்.

மாமனார் என்று இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அப்போது அந்த உறவு பாதிதான் முடிவாகியிருந்தது. டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தபோது, வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் ஏகாம்பரம் என்பவர் வீட்டு மாடியில் ரூம் எடுத்தேன். கீழ் வீட்டில் அவர் மகள் சரண்யா இருந்தாள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதில் புதிதாக எதுவும் நடக்கவில்லை.

கல்யாணத்துக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. மண்டபம் பிடித்தார், மூன்று வகை பாயசம் போட்டார். ஆனால் என்னை மட்டும் "மாப்ள" என்று கூப்பிடவே இல்லை. ரூமுக்கு வந்த நாளில் "மாடி ரூம் தம்பி" என்றார். தாலி கட்டிய மேடையிலேயே சொந்தக்காரர்களிடம், "இவர்தான் நம்ம மாடி ரூம் தம்பி. பொண்ண இவருக்குத்தான் குட்த்துகீறேன்" என்று அறிமுகப்படுத்தினார். கல்யாணமாகி மூன்று வருடம் ஆன பிறகும் நான் தம்பிதான். இரண்டாவது மருமகனை, அதாவது மச்சினியின் கணவனை, நிச்சயதார்த்தத்தன்றே "வாங்க மாப்ள" என்றவர் அவர். எனக்கு அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. வெளியே சொன்னால் அற்பமாக இருக்கும் என்பதால் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் கம்பெனி என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனி அனுப்பியது. சரண்யாவும் வந்தாள். கடைசி இரண்டு வாரத்துக்கு அவள் அப்பாவையும் வரவழைத்தோம். (மாடுகளுக்கு யார் தீனி போடுவது என்று கேட்டு அத்தை வர மறுத்துவிட்டார்.) ஜெர்மனி முழுக்க ரயிலில் சுற்றிக் காட்டி, அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு "மாப்ள"யை வாங்கிவிடுவது என் திட்டம்.

அவருக்கு வேறு திட்டம் இருந்தது. மாமாவுக்குச் சொந்தமாக நான்கு பஸ். நான்கும் எங்கள் கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி வரும் காண்ட்ராக்டில் ஓடின. எங்கள் தலைமையகம் ஜெர்மனியில் இருப்பதால், கேன்டீனில் சாம்பார் தீர்ந்தால்கூட அந்தக் காலி அண்டாவுக்கு மேலே 'ஜெர்மன் தரம்' என்று ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கும். பஸ் தாமதமானால் பெனால்டி. மாதாந்திர மீட்டிங்கில் எச்.ஆர். அதிகாரி மாமாவை உட்கார வைத்து, "ஜெர்மனியில் ரயிலைப் பார்த்துத்தான் கடிகாரத்தையே சரிசெய்கிறார்கள், தெரியுமா?" என்று வகுப்பு எடுப்பார். அந்த ரயிலை நேரில் பார்த்துவிடவேண்டும் என்பதுதான் மாமா பயணத்தின் நோக்கம்.

முதல் நாளே பார்த்துவிட்டார். மியூனிக் ஸ்டேஷனில் அறிவிப்புப் பலகையில் எங்கள் ரயில் அரை மணி நேரம் தாமதம் என்று வந்தது.

"இன்னா தம்பி, வண்டி லேட்டுன்னு போட்டுகீது?"

"சிக்னல் பிரச்சினை மாமா. இங்க அபூர்வமாத்தான் இப்படி ஆகும்."

மறுநாள் முக்கால் மணி நேரம். அதற்கு மறுநாள் ரயிலே வரவில்லை. மாமா கோபப்படவில்லை. செல்போனை எடுத்து, ஒவ்வொரு பலகையையும் கோயில் கோபுரத்தைப் படம் எடுக்கிற பக்தியோடு படம் எடுத்துக்கொண்டார்.

"இந்த வண்டிக்கு யாரு தம்பி பெனால்டி போடறது?"

"இங்க சிஸ்டம் வேற மாமா."

"என் டிரைவரும் அத்தான் சொல்றான், படப்பைல டிராபிக்குன்னு. அவன மட்டும் வுட மாட்றீங்களே."

மூன்று நாளில் என் மானம் பாதி போய்விட்டது. மீதியைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏரிக்கு அழைத்துப்போக முடிவு செய்தேன். மலை சூழ்ந்த அழகான ஏரி. அதன் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதினால் நான் ஒரு மாதிரி எழுதுவேன், நீங்கள் வேறு மாதிரி வாசிப்பீர்கள். ஏரியூர் என்றே வைத்துக்கொள்வோம்.

பிளாட்பாரத்தில் திருவிழாக் கூட்டம். முதுகில் மூட்டை, கையில் ஊன்றுகோல், சைக்கிள், நாய் என்று ஊரே ஏரிக்குக் கிளம்பியிருந்தது. நீளமான ரயில் வந்து நின்றது. அப்போதுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கூட்டம் மொத்தமும் பின்பக்கப் பெட்டிகளில் முட்டி மோதி ஏறியது. முன்பக்கப் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. 'இவ்வளவு படித்த ஜனம், நாலு எட்டு நடக்கச் சோம்பல் பார்க்குதே' என்று அந்த நாட்டின் மேல் எனக்கு இரக்கமே வந்துவிட்டது.

சரண்யா காபி வாங்கப் போயிருந்தாள். எனக்குள் இருந்த சாத்தூர்க்காரன் விழித்துக்கொண்டான்.

"மாமா, நீங்க முன்னாடி ஓடிப்போய் நாலு சீட்டைப் பிடிங்க. நான் சரண்யாவைக் கூட்டிக்கிட்டு இந்தா வந்துருதேன்."

வேறு யாரையாவது இப்படி ஏவியிருந்தால் தயங்கியிருப்பார்கள். பஸ் முதலாளிக்கு இது குலத்தொழில். எலுமிச்சைச் சாதப் பையைத் தூக்கிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, அறுபது வயதில் அப்படி ஓர் ஓட்டம் ஓடினார். (அவருடைய பாஸ்போர்ட் என் பையில் இருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து எடுத்த டிக்கெட் என் போனில் இருந்தது. அவருடைய போன் வீட்டு வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். இதெல்லாம் எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.)

சரண்யா காபியோடு வருவதற்கும் கதவு மூடும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. கைக்கு எட்டிய பின்பெட்டியில் தாவி ஏறினோம்.

"அப்பா எங்க?"

"முன்னாடி ராஜா மாதிரி உக்காந்திருக்காரு. உள்ளாறயே நடந்து போயிருவோம், வா."

சைக்கிள்களையும் நாய்களையும் தாண்டி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டபடி, காபி சிந்தச் சிந்த நடந்தோம். நான்காவது பெட்டியோடு பாதை முடிந்துபோனது. முன்னால் பூட்டிய கதவு. அதற்கு அந்தப் பக்கம் இன்ஜின் டிரைவரின் காலி அறை. நடு ரயிலில் எதற்கு டிரைவர் அறை என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. 'ஸ்பேராக ஒன்று வைத்திருக்கிறார்கள்' என்று சரண்யாவுக்கு விளக்கம் கொடுத்தேன்.

அப்போது ஒலிபெருக்கியில் நீளமாக ஓர் அறிவிப்பு வந்தது. அதையே இரண்டாம் முறையும் சொன்னார்கள்.

"இன்னா சொல்றாங்க?" என்றாள்.

ஐந்து மாதமாக ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். தெரியாது என்று எப்படிச் சொல்வது? "ஏரிக்கு வர்றவங்கள வரவேற்கிறாங்க. குப்பை போடாதீங்கன்னு சொல்றாங்க" என்றேன்.

அவர்கள் சொன்னது இதுதான்: இது இரண்டு ரயில்களைக் கோத்த ஒரே ரயில். அடுத்த ஸ்டேஷனில் பிரித்துவிடுவோம். பின்பாதி ஏரிக்குப் போகும். முன்பாதி வேறு மலைப்பக்கம் போகும். தயவுசெய்து சரியான பாதியில் இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி முன்னால் ஓடினோம். அதற்குள் ரயிலுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அந்த இடைவெளி பெரிதானது. முன்பாதி நகர ஆரம்பித்தது. ஜன்னலில் மாமா தெரிந்தார். பக்கத்து சீட்டில் சாதப்பை, எதிர் சீட்டுகள் இரண்டிலும் அகலமாக விரித்த துண்டு. நாயோடு வந்த ஒரு பெண்மணியிடம் கையை ஆட்டி, அநேகமாக "ஆளு வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, 'வாங்க, புடிச்சிட்டேன்' என்று சீட்டைத் தட்டிக் காட்டினார். காட்டிக்கொண்டே போய்விட்டார்.

"எங்கப்பாவ எங்கடா அனுப்பின?" என்றாள் சரண்யா. எங்கள் தாம்பத்தியத்தில் முதல் 'டா' அது.

கோட்டுப் போட்ட ரயில்வே ஊழியர் ஒருவரிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். அவர் வரைபடத்தில் கடைசிப் புள்ளியைக் காட்டினார். மலையூர் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அடுத்த ரயில். (அதுவும் தாமதம்.)

அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்று இன்றைக்கும் என்னால் வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை. பயந்துவிட்டேன். மொழி தெரியாத ஊரில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இல்லாமல் ஒரு சர்க்கரை நோயாளி. நடுவில் எங்காவது இறக்கிவிட்டிருந்தால்? எங்களைத் தேடி அவராகவே இறங்கி நடந்திருந்தால்? சரண்யா அழவில்லை. வரைபடத்தின் அந்தக் கடைசிப் புள்ளியில் விரலை வைத்தபடி நின்றாள். அவள் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

போதாக்குறைக்கு வல்லத்திலிருந்து அத்தை வீடியோ காலில் வந்தார்.

"இன்னாபா, ஏரி பாத்தீங்களா? எங்க அவரு, கண்ல காணோம்?"

"சீட் பிடிக்கப் போயிருக்காரு அத்தை" என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே உண்மை அது.

மலையூர் கடைசி ஸ்டேஷன். அதற்கு மேல் தண்டவாளமே இல்லை. பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு, பூந்தொட்டி, ஒரு புறா. மாமா இல்லை. எதிர்ப்பக்கம், திரும்பிப் போகும் நேரத்துக்காகக் காத்து, காலி ரயில் ஒன்று கதவைத் திறந்தபடி நின்றது. அதன் வாசலில் தொப்பி போட்ட பெண் பரிசோதகர் ஒருவர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"நோ மேடம். ஆளு வருது மேடம். ஃபோர் சீட்டு. தோ வந்துகினே கீறாங்க."

மொத்த ரயிலிலும் ஓர் ஆள் கிடையாது. எல்லா சீட்டும் காலி. அதில் நான்கு சீட்டை மட்டும் துண்டு விரித்துக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாமா. எலுமிச்சைச் சாதம் பிரிக்கப்படவே இல்லை. பரிசோதகர் எழுந்திருக்கச் சொல்லச் சொல்ல, துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

என்னைப் பார்த்தார். எழவில்லை. எழுந்தால் சீட்டு போய்விடுமே! உட்கார்ந்தபடியே என்னை நோக்கிக் கையை நீட்டி, அந்த அம்மாவிடம் ஜெயித்த குரலில் சொன்னார்:

"தோ! மை மாப்ள! மாப்ள வருதுன்னு சொன்னேனா இல்லியா?"

மூன்று வருடம் காத்திருந்த வார்த்தை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், தமிழே தெரியாத ஒரு டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லப்பட்டது. போனில் டிக்கெட்டைக் காட்டி, ஐந்து மாத ஜெர்மனையும் திரட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் டிக்கெட்டைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். சரண்யா அப்பா தோளில் சாய்ந்து அப்போதுதான் அழுதாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? சீட்டுதான் கீதே, உக்காரு" என்றார் மாமா. பிறகு என்னிடம், "உக்காருங்க மாப்ள."

ஏரியைப் பார்க்கவே இல்லை. அந்த ரயில் அதே வழியில் திரும்பிப் போனது, நாங்களும் அதிலேயே எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டபடி திரும்பினோம். பாதி வழியில், மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"மாமா, இன்னிக்குத்தான் மொத தடவையா என்னை மாப்ளன்னு சொன்னீங்க."

அவர் ஊறுகாயிலிருந்து கவனத்தைத் திருப்பாமல் பதில் சொன்னார். "பின்ன? அந்தம்மா எந்திரி எந்திரின்னு நிக்கிது. மாடி ரூம் தம்பி வருதுன்னு சொன்னா வுடுமா? மாப்ளன்னாதான ஒரு மரியாதி."

ஊர் திரும்பியதும் அடுத்த மாத மீட்டிங்கில், எச்.ஆர். அதிகாரி வழக்கம்போல ஜெர்மன் ரயிலை ஆரம்பித்தாராம். மாமா செல்போனை மேஜை மேல் வைத்து, பலகைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த அதிகாரி ஜப்பான் ரயிலைப் பற்றிப் பேசுகிறார் என்று கேள்வி. என்னையும் ஜப்பானுக்கு அனுப்பச் சொல்லி மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சொந்தத்தில் இந்தக் கதை எனக்கு முன்பே எல்லாக் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது. பந்தியில் யாராவது இலைக்கு முன்னால் கைக்குட்டை போட்டால், "கர்சீப்பு எதுக்குபா, மாமனார உக்கார வெச்சிட்டுப் போ" என்று ஒரு குரல் வரும். உடனே அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். சரண்யாவுக்குக் கோபம் வந்தால் இப்போதும் நான் 'மாடி ரூம் தம்பி'தான்.

ஆனால் மாமா மாறிவிட்டார். போன மாதம் மணிமங்கலத்தில் ஒரு காதுகுத்து. ஷிப்ட் முடிந்து நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பந்தி முடிந்து, கடைசிப் பந்திக்கு அடிதடியாக இருந்தது. கூட்டத்துக்கு நடுவே மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அதே துண்டு. அதன் மேல் கை வைத்தவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள வருதுபா. வேற எடம் பாரு."

நான் போய்த் துண்டை எடுத்து மடித்து அவர் தோளில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.