கதவைப் பிடித்த சீர்திருத்தவாதி

புரட்சி செய்யப் போகிறவன் கதவருகே உட்காரக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியில் ஹம் நகருக்குப் பக்கத்தில் எங்கள் சிறிய தமிழ்ச் சங்கம். அதன் யாப்பின்படி, அதாவது சட்டவிதிகளின்படி, வீட்டுக்கு ஒரு வாக்கு. அதைப் போடுவது ஆண். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தனியாளாக நடத்திய என் மனைவி வசந்திக்கு வாக்கில்லை. பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் என்றே தெரியாத எனக்கு இருந்தது. "பொம்பிளையளுக்கும் வாக்குக் குடுத்தா சங்கம் உடைஞ்சிடும்" என்பார் தலைவர் அண்ணை. (எப்படி உடையும் என்று கேட்டால் தேநீர் வந்துவிடும்.)

அந்த நேரம் பழம்பொருள் சந்தையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. விக்டோரியா மகாராணி காலத்துக் கேலிச்சித்திரங்கள். ஒன்றில், தொழிலாளிகள் வாக்குக் கேட்டுப் பாராளுமன்றக் கதவைத் தள்ள, உள்ளே தொந்தி பெருத்த பிரபுக்கள் முதுகைக் கொடுத்து அடைத்துப் பிடித்திருந்தார்கள். எனக்கு எங்கள் நிர்வாகக் குழுதான் ஞாபகம் வந்தது. ஒரு கிழமையாக இருந்து அதைப் பெரிய மட்டையில் கீறினேன். பிரபுக்களுக்கு வேட்டி கட்டினேன். நடுவில் நின்ற தடியருக்குத் தலைவரின் மீசையை வைத்தேன். கதவிடுக்கில் வளையல் போட்ட கைகள். வசந்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொதுக்கூட்டத்தன்று வெளியே பனிக்காற்று. மண்டபக் கதவின் பூட்டு பழுது. பெண்கள் முற்றத்துக்கு அப்பால் சமையலறையில். கதவருகே உட்கார்ந்திருந்த நான் எழுந்து படத்தைத் தூக்கிக் காட்டினேன். இன்றைக்கு ஓர் ஆட்சி கவிழும் என்று நினைத்தேன்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சரியாக் கீறியிருக்கிறீர் தம்பி! இந்தக் கதவுக் குளிரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை."

"இல்லை அண்ணை, இது வாக்கு..."

"ஓமோம், பிறகு கதைப்பம். இப்ப உந்தப் படத்தில உள்ள மாதிரியே கதவைச் சாய்ஞ்சு பிடியும். இடுப்பு விறைக்குது."

பிடித்தேன். (பெரியவர் சொன்னால் கேட்கிற வளர்ப்பு. என்ன செய்வது!)

பெண்களுக்கும் வாக்குக் கொடுக்கும்படி நான் கேட்டிருந்த யாப்புத் திருத்தம் விவாதத்துக்கு வந்தபோது காற்று திடீரென்று கதவைத் தள்ளியது. எங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வேறெதுவும் காதில் விழாது. பல்லைக் கடித்துக் காலை ஊன்றினேன். காற்று இன்னும் பலமாகத் தள்ளியது. நான் விடுவேனா?

"விடாதையும் தம்பி!" என்று தலைவர் உற்சாகப்படுத்தினார். அப்படியே கை உயர்த்தச் சொல்லித் திருத்தத்தைத் தோற்கடித்தும் விட்டார். என் இரண்டு கைகளும் கதவில் இருந்ததால் ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை.

பிறகுதான் கதவை விட்டேன். பனி அப்பிய சேலைகளோடு சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். முன்னால் வசந்தி. என் படத்தைப் பார்த்த அன்றே, வாக்கெடுக்கும் நேரம் உள்ளே போய் நிற்பதென்று எல்லாரையும் சேர்த்திருக்கிறாள்.

"ஆர் கதவைப் பிடிச்சது?"

"நான்தான்... காத்தெண்டு நினைச்சன்."

"காத்து உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிடுமோ?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் அதோடு விடவில்லை. அன்று சமையலறையிலிருந்து, கூட்டம் முடிய வழக்கமாக வரும் ரோல்ஸ் பலகாரம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடமும் நடக்கவில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய தகப்பன்மார், சில சனிக்கிழமைகளுக்குள் தாங்களாகவே கூடி யாப்பைத் திருத்தினார்கள். பின்னாளில் வசந்தியே தலைவியானாள்.

படம் இன்றும் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. நடுவில் நிற்கும் தடியரின் மீசையை அழித்து, என் மூக்குக் கண்ணாடியைக் கீறியிருக்கிறாள். வருகிறவர்களுக்கு மகள் விளக்கம் சொல்லுவாள்: "இவர்தான் அப்பா. பெண்ணுரிமைக்காகக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."