லாரிக்கு முன்னால் ஒரு ஞானி

நான் அடிமுட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதிக் கட்டுரையில் நீங்களே கண்டுபிடித்துவிட்டு அந்தப் பெருமையையும் தட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். கொளுத்தும் கோடையில், மேற்குத் தாம்பரத்தில், தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, கோபமே படக்கூடாது என்று முடிவெடுத்த ஒரே மனிதன் நான்தான். (வேறு யாராவது இருந்திருந்தால் தாகத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.)

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வந்த அந்த வறட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கிணறு காய்ந்தது. போர்வெல் காற்று விட்டது. அடிபம்பை அடித்தால் அது நம்மைப் பார்த்து இருமியது. ஏரிகளின் தலைமேல் பிளாட் போட்டு உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் எங்கே என்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவுக்கு லாரிதான் கதி. அந்த லாரிக்கென்று ஒரு சட்டம் இருந்தது. யார் புக் செய்தது என்பது டிரைவருக்குத் தெரியாது, கதவு எண்ணும் தெரியாது. தெருமுனையில் குறுக்கே பாய்ந்து, கையைத் தூக்கி, தொண்டை கிழிய யார் கத்துகிறாரோ, லோடு அவருடையது. அமைதியாக நிற்பவர் வேடிக்கை பார்க்க வந்தவர்.

இந்த விளையாட்டில் நான்தான் தெரு சாம்பியன். கடவுள் எனக்கு உயரம் கொடுக்கவில்லை, முடியையும் சீக்கிரமே திரும்ப வாங்கிக்கொண்டார். குரலை மட்டும் தாராளமாகக் கொடுத்திருந்தார். ‘ஆரோக்கியராஜ் கத்தினால் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்’ என்று தெருவில் சொல்வார்கள். அந்தக் குரலைத்தான் நான் போய் அடகு வைத்தேன், ஒரு புத்தகத்திடம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், உடைந்த மிக்ஸி ஜாருக்கும் ஒற்றைக் கால் செருப்புக்கும் நடுவில் அது கிடந்தது. அட்டை கிழிந்திருந்ததால் எழுதிய புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. (தெரிந்திருந்தால் நேரில் போய்ச் சண்டை போட்டிருப்பேன்.) ஸ்டோயிக் என்று பழைய கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் ஒரு கூட்டம் இருந்ததாம். உலகத்தில் நம் கையில் இருப்பவை, நம் கையில் இல்லாதவை என்று இரண்டே வகைதானாம். மற்றவர் செய்வது நம் கையில் இல்லை. நம் மனம் மட்டும்தான் நம் கையில். ஒருவன் திட்டினால், நாம் வாங்கிக்கொள்ளாதவரை அது நம்மைத் தொடாது. கஷ்டத்தை முன்கூட்டியே பழகு.

பழகினேன். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுத் தரையில் படுத்தேன்.

“ஏங்க, ஞானியாகணும்னா ஹால்ல போய் ஆகுங்க. இங்க பிள்ளைக்கு வேர்க்குது” என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

ஷேர் ஆட்டோக்காரர் திட்டியபோது புன்னகைத்தேன். அவர் பயந்துபோய் என்னை வழியிலேயே இறக்கிவிட்டார். ஆபீஸில் மேனேஜர் கத்தியபோதும் புன்னகைத்தேன். அது வேறு கதை. அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு இப்போது கோபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் மகள் ஷெரினுக்குப் புதுநன்மை. கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் வெள்ளை முக்காடு, கையில் மெழுகுவத்தி என்று கிட்டத்தட்ட கல்யாணக் களை. ஒரு வருஷமாக அவள் ஜெபங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பூசை முடிந்து வரும் சொந்தபந்தத்துக்கு வீட்டு வாசலில் பிரியாணி. மாஸ்டர் கபூர் பாய் விடியும்போதே அடுப்புக்குக் கல் அடுக்கிவிட்டார். காலையில் வரவேண்டிய லாரியை ஸ்டெல்லாதான் அலைந்து புக் செய்திருந்தாள். எனக்குக் கொடுத்தது ஒரே வேலை.

“முனையில நில்லுங்க. வண்டி வந்ததும் கத்துங்க. வழக்கமா என்கிட்ட கத்துவீங்களே, அப்படி.”

லாரி வந்தது. அதே நேரத்தில் எதிர்வீட்டு சபாபதி சாரும் வந்தார். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். அவரும் அன்றைக்கு ஒரு லாரி சொல்லிவைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார்.

“வாப்பா! நம்ம லோடுதான்! நேரா உள்ள வுடு!”

எனக்குள் கோபம் கிளம்பியது. அடிவயிற்றில் தொடங்கி, நெஞ்சுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, வாயைத் திறக்கப்போன அந்த நொடியில் புத்தகம் குறுக்கே விழுந்தது. ‘மற்றவர் செய்வது உன் கையில் இல்லை.’ கோபத்தை அப்படியே விழுங்கினேன். பிறகு, நோயாளியை நலம் விசாரிக்கும் குரலில் சொன்னேன்:

“சார்... அது நாங்க சொன்ன வண்டிங்க.”

லாரி இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. சபாபதி சார் காதில் விழவில்லை. டிரைவர் தலையை நீட்டினார்.

“இன்னா சார், எதுனா சொன்னியா?”

“இது எங்க லோடுன்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறியா?” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தண்ணி வேண்டியவன் இப்டியா சார் நின்னுகினு இருப்பான்? சும்மா பேஜார் பண்ணாத, ஓரமா போ.”

ஓரமாகப் போனேன். சபாபதி சார் வீட்டுத் தொட்டிக்குள் தடதடவென்று தண்ணீர் இறங்கியது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரோமாபுரிச் சக்கரவர்த்தி மாதிரி நின்று பார்த்தேன். உள்ளே ஒரு வெற்றிப் பெருமிதம் வேறு. (இந்த இடத்தில் என்னை அறைய விரும்புபவர்கள் வரிசையில் வரவும். முதலில் நான்.)

வீட்டுக்குப் போனேன். லாரிச் சத்தம் கேட்டதுமே தண்ணீர் வந்துவிட்டது என்று நம்பி, கடைசி வாளியைக் காலி செய்து, ஷெரின் தலையில் சீயக்காயைத் தேய்த்துவிட்டிருந்தாள் ஸ்டெல்லா. பிள்ளை முக்காலியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“தண்ணி எங்கங்க?”

“வண்டி நம்ம கையில இல்ல ஸ்டெல்லா. நம்ம மனசுதான் நம்ம கையில.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. வாசலிலிருந்து கபூர் பாயின் குரல் வந்தது.

“சார், அரிசி கழுவணும். மனசுலயா கழுவறது?”

“அப்பா, கண்ணு எரியுது” என்று ஷெரின் அழ ஆரம்பித்தாள்.

ஸ்டெல்லா கத்தவில்லை. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். எனக்கோ அந்தப் பிள்ளையின் அழுகை எங்கோ போய்த் தைத்தது. அத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த கோபம், ஆட்டோக்காரர், மேனேஜர், லாரி டிரைவர் எல்லோர்மீதும் பட்டிருக்கவேண்டிய பழைய பாக்கி, மொத்தமாகப் பொங்கியது. எதிர்வீட்டுக்கு ஓடினேன். சபாபதி சாரைப் பார்த்ததுமே தொடங்கிவிட்டேன். திருடன் என்றேன். பிள்ளை வயிற்றில் அடிக்கிறவன் என்றேன். இவரிடம் படித்த மாணவர்களை எல்லாம் தேடிப் பிடித்து உள்ளே போடவேண்டும் என்றேன். தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. ஆஹா, என் பழைய குரல்!

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். சபாபதி சார் ஹோஸைப் பிடித்து, ஸ்டெல்லாவின் வாளியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“தப்பா நினைச்சுக்காதம்மா, என் வண்டின்னு நினைச்சுட்டேன். எவ்ளோ வேணும்னாலும் பிடிச்சுக்கோன்னு இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. “ஏன்யா, முனையில மரம் மாதிரி நின்னியே, அப்ப இந்த வாய் எங்க போச்சு? திருடனா நான்? இனி ஒரு சொட்டு கிடையாது!”

வாளியைக் கவிழ்த்தார். மோட்டார் ரூமைப் பூட்டினார்.

பூசைக்கு நேரமாகிவிட்டது. விருந்தாளிகளுக்காக அடுக்கியிருந்த பெட்டியை ஸ்டெல்லா இழுத்தாள். உள்ளே இருந்தது பன்னீர் சோடா. ஒவ்வொரு புட்டியாக உடைத்துப் பிள்ளையின் தலையில் ஊற்றினாள். சீயக்காயும் சோடாவும் சேர்ந்து நுரைத்துப் பொங்கின. கோவிலில் நாற்பது பிள்ளைகள் வெள்ளையுடையில் தேவதைகள்போல நின்றார்கள். ஒரு தேவதையைச் சுற்றி மட்டும் ஈ மொய்த்தது. நற்கருணை கொடுக்க வந்த ஃபாதர் மூக்கை உறிஞ்சி, இரண்டடி பின்வாங்கினார். நான் கடைசி வரிசையில் மண்டியிட்டு, ரோமாபுரியை மனமார சபித்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்ததும் ஷெரினை அந்த வெள்ளை கவுனோடே சபாபதி சார் வீட்டுக்கு அழைத்துப் போனாள் ஸ்டெல்லா. அவர் இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு.

“தண்ணிய உன் புருஷன்தான் தூக்கணும். தூக்கும்போது வாயத் திறக்கக் கூடாது.”

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் குடம் குடமாகத் தெருவைக் கடந்தேன். போகும்போதும் வரும்போதும் திட்டினார். என் படிப்பை, மண்டையை, குரலை, என் முன்னோர்களை, ஒரு ஹெட்மாஸ்டருக்கே உரிய ஒழுங்கோடு, ஒன்றையும் விடாமல் திட்டினார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு சித்தப்பா கைதட்டினார். எனக்குள் எரிந்தது. ஆனால் புத்தகத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. கபூர் பாயின் அண்டா எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் கண்ணில் இருந்தது. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற இன்னொரு குடம் வேண்டும் என்பதும். வாயை மூடிக்கொண்டு நடந்தேன். என் வாழ்நாளிலேயே நான் உருப்படியாகக் கடைப்பிடித்த தத்துவம் அதுதான். அதுவும் பிரியாணிக்காக.

சபாபதி சார்தான் முதல் பந்தியில் உட்கார்ந்தார். இரண்டாவது தடவை குஸ்கா கேட்டார். நான்தான் பரிமாறினேன், பேசாமல்.

இன்றும் நான் வீட்டில் கொஞ்சம் நிதானமாகப் பேசத் தொடங்கினால் போதும். “சோடா இருக்கான்னு பாருங்க” என்று ஸ்டெல்லா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

ஷெரின் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் போனில் கொந்தளித்தாள். அவள் மாதக்கணக்கில் கண் விழித்துச் செய்த வேலையை, பக்கத்து சீட்டுக்காரன் தன்னுடையதென்று மேலே காட்டிவிட்டானாம். எனக்குப் பழைய அரிப்பு எடுத்தது. குரலைத் தாழ்த்தி, கனிவாக, “அடுத்தவன் செய்யறது நம்ம கையில இல்லம்மா. நம்ம மனச மட்டும்...” என்று ஆரம்பித்தேன்.

“முதல்ல லாரிய நிறுத்திட்டு வரேன்ப்பா” என்று போனை வைத்துவிட்டாள்.