அடியில் ஓட்டை விழுந்த ஊறுகாய் டின்

திகாம் பத்து,
12 மே 1954, புதன்கிழமை.

பாசமும் மதிப்பும் மிக்க மனோகரன் அண்ணன் அவர்களுக்கு,

தங்கை பிரேமாவதி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், பள்ளிக்கூடம் நலம், ஊரைச் சுற்றிப் போட்டிருக்கும் முள்கம்பியும் நலம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் மூட்டுவலி மழைக்கு எப்படி இருக்கிறது என்று தனியாக எழுதவும்.

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதல் வேலையாக ஓர் ஊறுகாய் டின்னில் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்படவேண்டாம். வீட்டில் ஓட்டை போடாத டின் ஒன்று மிச்சம் இருப்பது பொழுது விடிந்ததும்தான் நினைவுக்கு வந்தது. டின்னில் அடைத்த சாப்பாட்டுச் சாமான் எதுவாக இருந்தாலும் வாங்கிய இடத்திலேயே ஓட்டை போட்டுவிடவேண்டும், அப்போதுதான் அது கெடாமல் இருந்து காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் ஆயுதக்காரர்களுக்குப் போய்ச்சேராது என்பது அவசரகாலச் சட்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஓட்டை போடுவதற்கென்றே ஒரு தொழில் தொடங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் உங்கள் கமிட்டிக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நீங்கள்தானே எழுதினீர்கள்? கெடா மாநிலத்தின் பொருளாதாரத்தை நிமிர்த்தி வைக்க அலோர் ஸ்டாரில் ஒரு கமிட்டி போட்டிருக்கிறோம், ஆலை மூடிய ஊர்களில் உள்ளூர் ஆட்கள் உள்ளூர்ச் சரக்கைக் கொண்டு ஒரு தொழில் நடத்திக் காட்டினால் கமிட்டி உதவும், மதராஸில் பொருளாதாரம் படித்த நீ ஒரு யோசனை சொல் என்று. கூடவே இன்னொன்றும் எழுதினீர்கள். உங்கள் ஊர் பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை தயார், கணவரும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு அந்தக் கம்பிவேலிக்குள் தனியாக என்ன செய்கிறாய், மூட்டையைக் கட்டு என்று. இரண்டுக்கும் தலையாட்டினேன். ஒரு கையால் ஊரை நிமிர்த்துவது, மறு கையால் மூட்டை கட்டுவது. இது எனக்கே அப்போது விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் விசித்திரம்.

இங்கே நிலைமை உங்களுக்குத் தெரியும். கொரியா சண்டை நின்றது, ரப்பர் விலை படுத்தது, ஆலைக்காரர்கள் ஷீட்டையெல்லாம் லோரியில் ஏற்றிப் பினாங்குக்கே அனுப்பிவிடுவது லாபம் என்று இங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். ஷீட் அடுக்கிய பெண்கள், புகைவீட்டில் உலர்த்திய பெண்கள், எல்லாருக்கும் வேலை போயிற்று. இந்த மாதக் கடைசியில் லோரி வந்து புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பாதிப்பேர், பேராவுக்குப் பாதிப்பேர் என்று ஏற்றிக்கொண்டு போய்விடும். மருதம்மாளை நினைவிருக்கிறதா? பள்ளி ஆண்டுவிழாவுக்கு நீங்கள் வந்தபோது, "இவருதான் டீச்சரோட அண்ணனா? டீச்சர் பரவாயில்லை" என்று உங்கள் காதுபடச் சொன்னவள். புகைவீட்டுப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் பேர் ஒரு லோரியில், மகள் குடும்பத்தின் பேர் இன்னொரு லோரியில். ஆகவே ஒரு தொழில் வேண்டும், லோரி வருவதற்கு முன்னால் வேண்டும்.

நான் யோசித்தேன். மாங்காய் இங்கே மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது, பெண்களுக்குக் கை இருக்கிறது, காலியான புகைவீடு இருக்கிறது. ஊறுகாய் போடுவோம், டின்னில் அடைப்போம், அலோர் ஸ்டாருக்கு அனுப்புவோம். தேவை, வழங்கல் எல்லாம் கணக்குப் பார்த்தேன் அண்ணா. ஓட்டையைப் பற்றி எங்கள் கல்லூரியில் ஒரு பாடமும் நடத்தவில்லை.

சரக்கு அருமையாக வந்தது. புகைவீட்டில் வைத்ததால் லேசாக ரப்பர் வாடை அடித்தது. "அது நம்ம ஊரு வாசனை, கழுவினாலும் போவாது, காசு குடுத்து வாங்கினாலும் கிடைக்காது" என்றாள் மருதம்மாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் ஜபருல்லா அண்ணன் காலி பால்மாவு டின்களைக் கொடுத்தார். நானே உட்கார்ந்து லேபிள் எழுதி, மாங்காய் படம் வரைந்து, வண்ணம் தீட்டி ஒட்டினேன். போன சனிக்கிழமை உங்கள் கமிட்டிக்கு மாதிரி காட்டுவதற்காக நானும் மருதம்மாளும் காலை பஸ்ஸில் கிளம்புவதாக ஏற்பாடு. கனம் தூக்க முடியாது என்று டின்களை முதல்நாளே ஜபருல்லா அண்ணன் கடையில் வைத்துவிட்டோம். இங்கேதான் விதி சிரித்தது.

அவர் நேர்மையான மனுஷர். தன் கடை வாசலைத் தாண்டுகிற எந்த டின்னும் ஓட்டையில்லாமல் தாண்டியதில்லை. எங்கள் டின்னும் தாண்டப் போகிறதே என்று விடியற்காலையில் எழுந்து ஒவ்வொன்றாக ஓட்டை போட்டிருக்கிறார். அதையும் மேலே போட்டிருந்தால் பரவாயில்லை. பிற்பாடு கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மேல போடலாம்னுதான் ஆணியை வச்சேன் டீச்சர். லேபிளைப் பார்த்தேன். மாங்கா அசல் மாங்கா மாதிரியே இருந்துச்சு. அதுல ஆணி அடிக்க மனசு வரலை லா. அதான் கவுத்துப் போட்டு அடியில ஒண்ணு குடுத்தேன்." என் ஓவியத்தை இந்த நாற்பது சொச்சம் வயதில் ஒருவர் முதன்முதலாக மதித்தார், அதற்கு இந்த விலை.

ஒன்றும் அறியாமல் டின்களை பஸ் கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டு நாங்கள் உள்ளே உட்கார்ந்தோம். எனக்கு முன் சீட்டில், ஜன்னலோரம், அழகேசன் என்று ஒரு வாலிபர், பெண் பார்க்கப் போகிறாராம், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தலையில் அரைப் போத்தல் எண்ணெய். வெயில் ஏற ஏற மேலே எங்கள் நல்லெண்ணெய் இளகியிருக்கிறது. கூருன் ஊருக்கு முன்னால் சோதனைச் சாவடியில் பஸ் நின்றதும், கூரையிலிருந்து கெட்டியாக, சிவப்பாக, சொட்டுச் சொட்டாக ஜன்னல் வழியே இறங்கி மாப்பிள்ளையின் தோளில் விழுந்தது. சாவடியில் நின்ற மாத்தா, போலீஸ்காரன், ஹம்சா என்று பேர், சின்ன வயது, இதைப் பார்த்துவிட்டு "டாரா! டாரா!" என்று கத்தினான். ரத்தம் என்றதும் பஸ் முழுக்கச் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. கூரைமேல் குண்டடிபட்ட ஆள் ஒருவன் படுத்திருக்கிறான் என்று முடிவுகட்டி அவன் துப்பாக்கியை மேலே நீட்டி "தூருன்! தூருன்!" என்று இறங்கச் சொல்கிறான். ஊறுகாய் எப்படி இறங்கும்? அது ஏற்கெனவே தன்னால் முடிந்த வேகத்தில் இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது! இத்தனை கலவரத்திலும் அசையாமல் உட்கார்ந்திருந்தவள் மருதம்மாள் ஒருத்திதான். எழுந்தாள், எட்டி மாப்பிள்ளையின் தோளை ஒரு விரலால் தொட்டாள், நாக்கில் வைத்தாள், கொஞ்சம் யோசித்தாள். "உப்பு ஒரு கல்லு தூக்கல் டீச்சர்" என்றாள். அந்த ஹம்சாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். காட்டில் இருப்பவர்களை நேருக்கு நேர் பார்த்தவனாம், அவன் இரண்டடி பின்னால் போனான். அழகேசன் மட்டும் மெதுவாகத் தலையைத் திருப்பி, "அக்கா, இது போவுமா?" என்று சட்டையைக் காட்டிக் கேட்டார். 

அப்புறம் போலீஸ் நிலையம். அங்கே வெள்ளைக்காரத் துரை. டின்னைத் திறந்தார், முகர்ந்தார், ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வந்தது, மறுபடியும் தடவிச் சாப்பிட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். தொழில் நடக்கலாம். புகைவீட்டு வாசலிலேயே எல்லா டின்னிலும் ஓட்டை போடவேண்டும், மேலேதான் போடவேண்டும், அதைப் போடுவதற்கு ஹம்சாவையே அனுப்புவார். ஆகவே உங்கள் கமிட்டி அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா: வேலையிழந்த திகாம் பத்துவில் எங்கள் புதிய தொழில் உண்டாக்கிய முதல் வேலை, ஓட்டை போடும் வேலை, அது வெளியூர் ஆளுக்குக் கிடைத்தது.

இன்னொரு நிபந்தனையும் போட்டார், அதில்தான் எல்லாம் நின்றுபோயிற்று. பொறுப்பாளர் என்று ஒருவர் தன் பெயரைக் கொடுக்கவேண்டும். நிலையான சம்பளமோ சொந்தக் கடையோ உள்ளவராக இருக்கவேண்டும். இங்கே போடுகிற ஊறுகாயில் ஒரு துண்டு காட்டுக்குள் போனது தெரிந்தாலும் கேள்வி கேட்காமல் அந்த ஆளைத்தான் உள்ளே வைப்பார்கள். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பெயர் வரவேண்டும், வராவிட்டால் புகைவீட்டைப் பூட்டிவிடுவார்கள்.

நாளைதான் வியாழக்கிழமை. பெண்கள் ஊரெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். ஜபருல்லா அண்ணன் கைகூப்பிவிட்டாராம். "அரிசிக்குப் பேரு குடுத்திருக்கேன், சீனிக்குக் குடுத்திருக்கேன், மண்ணெண்ணெய்க்குக் குடுத்திருக்கேன். இனிமே எங்கிட்ட மிச்சம் இருக்கறது இனிஷியல் ஒண்ணுதான் புள்ளைங்களா." கோயில் தலைவர் நடராஜா ஐயா நெஞ்சை நிமிர்த்தி, "பயப்படாதீங்க, நம்ம முருகன் பேரைக் குடுத்துடுங்க, அவரு பார்த்துக்குவாரு" என்றாராம். மருதம்மாள் விடவில்லை. "அவருகிட்ட ஐ.சி. கார்டு இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதிலிருந்து அவர் அவளுக்கு விபூதி கொடுப்பதில்லை.

யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். குடும்பம் உள்ளவர்கள், பயம் நியாயமானது. போன வருஷம் ஒரு தகப்பனார் காட்டுக்குள் போய்விட்ட மகனுக்கு ஒரு பொட்டலம் சோறு கொண்டுபோனதற்கு என்ன பாடு பட்டார் என்று எல்லாரும் பார்த்தோம். யோசித்துப் பார்த்தால், ஒரு மாநிலத்தை நிமிர்த்தவேண்டும் என்று கமிட்டியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கூடிப் பேசுகிறோம், பிஸ்கட்டும் சாப்பிடுகிறோம் (அண்ணி சொன்னார்கள், இரண்டு வகை பிஸ்கட்டாமே), கடைசியில் "நான் பொறுப்பு" என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்காமல் ஒரு புகைவீடு பூட்டிப் போகிறது. இதைக் கோபமாக எழுதவில்லை. என் புத்திக்கு எட்டியதை எழுதுகிறேன்.

ஆகவே என் அறிக்கை இதுதான். ஊறுகாய் நல்லது, ஓட்டையும் சமாளிக்கக்கூடியது, ஆனால் ஆள் இல்லை, திகாம் பத்துவை உங்கள் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை பஸ் டிரைவர் சின்னையாவிடம் கொடுத்தனுப்புகிறேன், இன்று சாயந்திரமே உங்கள் கைக்கு வரும். கெடாவில் வெள்ளிக்கிழமைதானே ஆபீஸ் விடுமுறை, அன்று காலை பஸ்ஸில் வருகிறேன், நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். பெண்கள் பள்ளிக்கு நான் சம்மதம் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். பின்பக்க அறையில் கொசுவலை கிழிந்திருந்தால் அண்ணியைத் தைக்க விடவேண்டாம், நான் வந்து தைத்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, கமிட்டி எதிலும் சேராமல், நீண்ட காலம் நிம்மதியாக வாழ ஆசீர்வதிக்கிறேன்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
பிரேமாவதி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டு, இனிமேல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வரலாமென்று புகைவீட்டுக்குப் போனேன். எல்லாரும் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குப் பூட்டப் போறாங்களே, இது எதுக்கு?" என்றேன். "நறுக்கின மாங்காயை நடுவுல விட முடியுமா டீச்சர்?" என்றாள் மருதம்மாள். யார் யாரிடமெல்லாம் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். கடைக்காரர், கோயில் தலைவர், மருந்துக்கடை ஆள், ஸ்டேஷன் மாஸ்டர், கடைசியாக அந்த ஹம்சாவிடமே கேட்டிருக்கிறார்கள், அவன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டானாம். சம்பளம் வாங்குகிற ஆள் இந்த ஊரில் இன்னொருத்தி இருக்கிறாளே, என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.  மருதம்மாள்தான் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க போறவங்க. மூட்டை கட்டுறவங்ககிட்ட வந்து நின்னா, இல்லைன்னு சொல்ல உங்களுக்குச் சங்கடமா இருக்கும். நம்ம டீச்சரை நம்மளே சங்கடப்படுத்தக் கூடாதுன்னு நாந்தான் யாரையும் கேக்க விடலை." நான் போவது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. சின்னையா கையில் கொடுக்கிற கடிதத்தை அவன் படிக்காமல் கொடுத்ததில்லை என்று எனக்கும் தெரியும்; தலையாட்டி உங்களுக்கு எழுதிய போன கடிதமும் அவன் கையில்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்து இந்தக் கடிதத்தை வெளியே எடுத்தேன் அண்ணா. ஊர் முழுக்கக் கேட்டவர்கள் என்னை மட்டும் விட்டிருக்கிறார்கள், அதுவும் மரியாதைக்காக. இப்படி ஒரு மரியாதை எனக்கு வேண்டாம்.

அதனால் மேலே எழுதியதில் அண்ணியின் மூட்டுவலியைத் தவிர வேறு எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டாம். இதைச் சின்னையாவிடம் கொடுக்கவில்லை, தபாலில் போடுகிறேன். உங்கள் கையில் கிடைக்கும்போது வியாழக்கிழமை மத்தியானம் கடந்திருக்கும், நீங்கள் தடுக்க முடியாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போலீஸ் நிலையத்துக்குப் போய் என் பெயரைக் கொடுக்கப் போகிறேன். மருதம்மாளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.