நெற்றிக்கண்ணும் ஒரு பீடியும்

இந்த வருடம் காமன் கூத்தில் சிவன் நான்தான். எட்டு வருடம் தூதன் வேஷம் கட்டி ஓடி ஓடித் தேய்ந்தவன். நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிக்கப் போகிறேன் என்று கலவான டவுன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

என் மனைவியின் அண்ணன் காத்தமுத்துதான் கூத்து வாத்தியார். என் கையில் காப்புக் கட்டிவிட்டு, எங்கள் லயத்து வரிசை வீடுகளெல்லாம் கேட்கச் சத்தமாகச் சொன்னார்.

"மாப்பிள்ள, காமன எரிக்கிற வரைக்கும் பீடி ஆகாது. வாயில வச்சீங்கன்னு தெரிஞ்சாலே வேஷம் அடுத்த லயத்து யோகராஜுக்கு!"

மூன்றாம் நாளே வீட்டைத் துழாவினேன். கூரைத் தகரத்துக்கு அடியில் ஒரு பீடி இருந்தது. நெருப்புதான் இல்லை. தீப்பெட்டி என் மனைவி பிரேமலதாவின் இடுப்பில். பக்கத்து வீட்டில் கேட்டால் மச்சான் காதுக்குப் போய்விடும்.

அன்றைக்குத்தான் மகள் கேஷானி பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வில்லைகள் கொண்டுவந்தாள்.

"அப்பா, நடுவுல தடிச்சது வெயில வளச்சு ஒரே புள்ளியில சேக்கும். நடுவுல மெலிஞ்சது வெளிச்சத்த விரிச்சு விட்டுரும்."

தடித்ததைக் காய்ந்த இலைமேல் பிடித்தாள். புகை வந்தது. எனக்கு நாக்கு ஊறியது.

"பீடி... இல்ல, சுருட்டுன இலையா இருந்தாலும் பத்துமா?"

"நல்லா பத்தும்ப்பா."

தடித்ததைச் சிவப்புத் துணியிலும் மெலிந்ததை நீலத் துணியிலும் சுற்றி வைத்தாள். பிரேமலதா சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை. பாவம், இதெல்லாம் அவளுக்கு எங்கே விளங்கும்!

மறுநாள் சிவப்புத் துணியோடு, தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பின்னால் பதுங்கினேன். மேகம். வெயிலுக்குக் காத்திருந்தேன். யாரோ இருமினார்கள், செத்தேன் என்று குந்தினேன். யாரும் வரவில்லை. ஒரு வழியாக வெயில் வந்தது. பீடியை வாயில் வைத்து, நுனிக்கு நேரே வில்லையைப் பிடித்தேன்.

புள்ளி விழவில்லை. கிட்டே பிடித்தேன், தள்ளிப் பிடித்தேன். பீடி பச்சைத் தண்ணியாக இருந்தது. வெயிலோ போகப் பார்க்கிறது. அழுக்காக இருக்குமோ என்று வில்லையைக் கண்ணுக்கு நேரே தூக்கினேன். பாதையில் பிரேமலதா விரல் நகம் அளவுக்குத் தெரிந்தாள். பின்னால் இன்னும் சின்னதாக யாரோ ஒருத்தர். அப்பாடா, எங்கேயோ தூரத்தில்தான் வருகிறார்கள், நேரம் இருக்கிறது!

"என்னங்க செய்றீங்க?"

குரல் காதுக்குள்ளேயே கேட்டது. வில்லையை இறக்கினேன். கைக்கெட்டும் தூரத்தில் முழு அளவில் பிரேமலதா. பின்னால், தோளில் துவாயோடு முழு அளவில் மச்சான்.

"ஒ... ஒத்திகை. நெத்திக்கண்ணத் தொறக்கிற கட்டம்."

"வாயில என்னங்க?"

பீடியைக் கையில் எடுத்தேன். "இது... இதுதான் காமன்."

அவள் மடியிலிருந்து நீலத் துணியை அவிழ்த்தாள். உள்ளே நடு தடித்த வில்லை பளபளத்தது.

"ராத்திரியே துணிய மாத்திச் சுத்திட்டேன். அண்ணே, இந்தத் துக்கடா காமனையே எரிக்க முடியாதவரு, கூத்துல எங்க எரிக்கப் போறாரு? யோகராஜக் கூப்பிடுங்க."

இந்த வருடமும் நான் தூதன்தான்.