டம்ளருக்கடியில் நாடகப் பாஸ்

ஒரே ஒரு காரியமாவது என் மனைவிக்குத் தெரியாமல் செய்துவிடுவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் செய்தேன். கல்யாணமானவர்கள் தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.

ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டர். பாலாற்று மணலில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனிக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தேன். மானேஜர் சந்தோஷப்பட்டு ஒரு பாஸ் தந்தார். ஒரே ஆளுக்கு. அன்று சாயங்காலம் கடைசி ஆட்டம். டிக்கெட்டெல்லாம் போன வாரமே தீர்ந்துவிட்டது. மேடையில் நிஜத் தண்ணீர் அருவியாகக் கொட்டுமாம். பாலாற்றில் நாங்கள் காணாத காட்சி. கமலவேணிக்கும் அதைப் பார்க்கக் கொள்ளை ஆசை.

"பாஸ் எதுனா குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"அவங்களே நஷ்டத்துல பேஜாராப் போய்ட்டாங்க" என்றேன்.

சரி, பாஸை எங்கே ஒளிப்பது? சட்டைப் பை அவள் ராஜ்ஜியம். பெட்டிச் சாவி அவள் இடுப்பில். அவள் காலடிச் சத்தம் கேட்டதும், பாஸை நாலாக மடித்துப் பலகையில் போட்டு, பையன்களுக்கு மாதிரி வரைய வைத்திருந்த கண்ணாடி டம்ளரை அதன்மேல் வைத்தேன். கண்ணாடி வழியே பாஸ் பல்லைக் காட்டியது. வரைகிற பாவனையாவது செய்வோம் என்று உட்கார்ந்தபடியே தண்ணீரை ஊற்றினேன்.

பாஸைக் காணோம்.

தூக்கினால் இருக்கிறது, வைத்தால் இல்லை. டம்ளரின் அடிப்பக்கம் வெள்ளித் தகடாக மின்னுகிறது. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் கண்ணாடி வரைந்தவன், தண்ணீர் இப்பேர்ப்பட்ட மாயக்காரி என்று அறியாமல் இருந்தேனே. உள்ளே ஒரு பென்சிலைப் போட்டுவிட்டு, எதிரே சம்மணம் போட்டபடி பக்தியோடு வரையத் தொடங்கினேன்.

கமலவேணி துடைப்பமும் கையுமாக வந்து நின்றாள்.

"இன்னா பண்றீங்க?"

"டம்ளர் வரையறேன். தொட்றாத."

"பென்சிலு ஒடிஞ்சிருக்குதே."

"ஒடியல. வெளிச்சம் தண்ணிக்குள்ள போறப்ப வளைஞ்சிடும். அதான் அப்படித் தெரியுது."

நின்றபடியே டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப, ஒரு சாமான் கண்ணுக்குத் தெரியலன்னா, அது இல்லன்னு அர்த்தமில்ல?"

"இல்லவே இல்ல" என்றேன். இவளுக்கும் விஞ்ஞானம் புரிகிறதே என்று பெருமையாக இருந்தது.

"நல்லதுங்க. போய்க் குளிச்சிட்டு வந்து வரைங்க. வெந்நீர் ஆறிடும்."

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் முதலில் டம்ளரைத்தான் பார்த்தேன். பாஸ் தெரியவில்லை. விஞ்ஞானம் வேலை செய்துகொண்டே இருந்தது. மனசு குளிர வரைந்தேன்.

சாயங்காலம் அவள் பட்டுப்புடவையில் வந்தாள். "பக்கத்து வீட்டு தேவகியோட கோயிலுக்குப் போய்ட்டு வர்றேன்."

"மெதுவா வா" என்றேன் பெருந்தன்மையாக.

அவள் தலை மறைந்ததும் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு டம்ளரைத் தூக்கினேன். பலகை மட்டும் இருந்தது.

ஒரு துண்டுக் காகிதத்தைக் கீழே வைத்து டம்ளரை அதன்மேல் வைத்தேன். உட்கார்ந்து பார்த்தால் காகிதம் இல்லை. எழுந்து நின்று மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. காலையிலிருந்து நான் உட்கார்ந்திருந்தேன், அவள் நின்றிருந்தாள். நினைத்துப் பார்த்தால், அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காலையில் தண்ணீரைப் பார்த்துச் சிலிர்த்தது ஒன்றுமே இல்லை. இப்போது என் மனைவியை நினைத்து உடம்பெல்லாம் சிலிர்த்தது. காணாமல் போன பாஸுக்கு நாள் பூராவும் காவல் இருக்க வைத்துவிட்டாளே.

மதில் மேல் தேவகியின் புருஷன் நந்தகோபால் தலை தெரிந்தது. தோல் மண்டியில் கணக்கர், என் தோஸ்த்.

"மாஸ்டர், டம்ளரைத் தூக்கிட்டீங்களா?"

"தூக்கிட்டேன்."

"அப்ப சொல்லிடறேன். தூக்குனப்புறந்தான் சொல்லணும்னு உத்தரவு. தேவகிகிட்ட போன வாரம் வாங்குன டிக்கெட் ஒண்ணு இருந்துச்சு. ஆட்டம் முடிஞ்சு வர நேரமாவுமாம். உலை கொதிக்குதாம், உங்க ரெண்டு பேருக்குமா அரிசி போட்டு வடிச்சு வெக்கணுமாம்."