மாப்பிள்ளைக்கு மலை காட்டிய நாள்

என் அக்காவைக் கட்டிக்கொள்ளவிருந்த மாப்பிள்ளை, பம்மல் பக்கத்துக் கல்குவாரித் தண்ணீரில் முழுகிச் செத்துப்போனார் என்று நான் ஒருநாள் நம்பினேன். அரைகுறையாக அல்ல, முழுசாக நம்பினேன். அவருடைய அம்மாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, துக்க வீட்டுக்கு எந்தச் சட்டையைப் போடுவது என்பது வரைக்கும் தீர்மானித்துவிட்டேன். (நீலக் கோடு போட்டது. வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறை இருந்தது.)

இதை எழுதும்போது அந்த மனிதர் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு, நடுவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் சிட்லப்பாக்கத்தில் குடியிருந்தோம். நான் தாம்பரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஸ்டேஷன் வாசல் பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை என் கையில் சிக்கியது. அட்டை முதல் அட்டை வரை மலைச் சைக்கிள். இமயமலையில், ஆல்ப்ஸில், பெருவில் என்று எங்கெங்கோ உள்ள மலைகளில் தடித்த டயர் வைத்த சைக்கிளில் மனிதர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு வழிகாட்டி. அவன் கழுத்தில் ஒரு விசில்.

அந்த விசிலைப் பார்த்த கணத்தில் என் வாழ்க்கையின் நோக்கம் எனக்குப் புரிந்துபோயிற்று. உலகம் பெருவுக்குப் போகும்போது பம்மலுக்கு ஏன் வரக்கூடாது? இங்கே மலை இல்லையா? சைக்கிள் இல்லையா? விசில் மட்டும்தான் இல்லை. அதை அன்று மாலையே வாங்கினேன்.

என் வழிகாட்டுதலில் உலகப் பயணிகள் யாரும் வரவில்லை. உள்ளூர்ப் பயணிகளும் வரவில்லை. வீட்டில் அம்மா, "விசிலை வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாடா" என்று மட்டும் சொன்னாள்.

இந்த நிலையில்தான் அக்காவுக்கு நிச்சயமாயிற்று. அக்கா விஜயா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மாப்பிள்ளை பாஸ்கர் திருச்சியில் வேலை பார்த்தார். நிச்சயதார்த்தத் தட்டு மாற்றும்போது அவருடைய அம்மா, "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேண்டாம்னு நினைக்கிறோம்" என்றார்.

"அதுக்கென்ன சம்பந்தி, விட்டுடுவா" என்றார் அப்பா. வெற்றிலையை எடுத்துக் கொடுப்பதுபோல அவ்வளவு சுலபமாக.

அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவள் வீட்டில் யாரோடும் அதிகம் பேசவில்லை. அதையும் வெட்கம் என்றே நினைத்தேன். (எனக்கு அப்போது தெரிந்த பெண் உணர்ச்சி அது ஒன்றுதான்.)

நிச்சயம் முடிந்தால் முகூர்த்தம் வரை பையனும் பெண்ணும் பார்த்துக்கொள்ளக் கூடாது, பேசிக்கொள்ளக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். திங்கட்கிழமை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதாக இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மாப்பிள்ளை கோட்டுக்கு அளவு கொடுக்கச் சென்னை வந்து, மரியாதைக்காக எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டார். அக்காவுக்கு அன்று டூட்டி. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பியவள் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளையை வீட்லயே உட்கார வச்சு அப்பா அறுத்துடுவாரு. உன் மலைச் சைக்கிள் டூருக்குக் கூட்டிட்டுப் போயேன்."

என் டூரை ஒரு மனிதப் பிறவி டூர் என்று அழைத்தது அதுவே முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது.

தெருமுனை ஜானி அண்ணன் வாடகைச் சைக்கிள் கடைக்குக் கியர் வைத்த சைக்கிள் இரண்டு புதிதாக வந்திருந்தது. "மலை ஏறத்துக்குத்தான் கியரு தம்பி. எறங்கறதுக்குச் சாமிதான்" என்று சொல்லிக் கொடுத்தார். மாப்பிள்ளை வெயிலுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டார். நான் விசிலை மாட்டிக்கொண்டு விதிமுறைகளை விளக்கினேன்.

"ஒரு விசில் அடிச்சா ஆபத்து மாமா. ரெண்டு விசில் அடிச்சா அழகான காட்சி. நான் முன்னாடி போவேன். வழிகாட்டி எப்பவும் திரும்பிப் பார்க்கக் கூடாது."

"ஏன் மச்சான்?"

"திரும்பிப் பார்த்தா பின்னாடி வர்றவங்களுக்கு நம்பிக்கை போயிடும்."

பத்திரிகையில் அப்படி எழுதியிருக்கவில்லை. படத்தில் எந்த வழிகாட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். (கேமரா அவர்களுக்கு முன்னால் இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.)

மாப்பிள்ளை யோசித்தார். "அப்ப நான் வர்றேனா இல்லையானு உனக்கு எப்படித் தெரியும்?"

"உணர்ச்சியில தெரியும் மாமா."

"நல்லது" என்றார், மிகவும் கவனமாக.

கிளம்பினோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சைத் தாண்டி ரயில்வே கேட். போட்டிருந்தார்கள். வழக்கம்போல் சைக்கிளைச் சாய்த்து, கம்பிக்கு அடியில் நுழைந்து, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து திருநீர்மலைச் சாலையில் திரும்பினேன். பின்னால் கிளிங் கிளிங் என்று ஓர் உலோகச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. மாமா கியர் மாற்றிப் பழகுகிறார் என்று பூரித்தேன். பாதி வழியில் அந்தச் சத்தம் என்னை முந்திக்கொண்டு போயிற்று. கோலி சோடா வண்டி. சரி, மாமா கியர் பழகி முடித்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு விசில் அடித்து, "இடது பக்கம் பாருங்க மாமா, ஏரி" என்றேன். இரண்டு விசில் அடித்து, "தோல் பதனிடற ஷாப்பு மாமா, மூக்கைப் பொத்திக்குங்க" என்றேன். எதிரே வந்த மாநகரப் பேருந்து ஒன்று என் விசிலுக்கு நின்றே விட்டது. டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பம்மல் மலையடிவாரத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். கியர் வைத்த சைக்கிள் தானாக மலை ஏறும் என்ற என் இன்னொரு நம்பிக்கை அங்கே காலமாயிற்று. பின்னால் சரளைக்கல் உருளும் சத்தமும் மூச்சுச் சத்தமும் கேட்டன. மனம் நெகிழ்ந்து மாமாவிடம் குடும்ப விஷயம் பேசத் தொடங்கினேன்.

"அக்காவுக்குக் கோபம் வரும் மாமா. ஆனா வந்தா சீக்கிரம் போயிடும். சமையல் சுமார்தான். உங்ககிட்ட மறைக்கக் கூடாது பாருங்க. ஆனா போன்ல அவ குரலைக் கேட்டா சண்டைக்காரனும் அடங்கிடுவான். அந்த வேலைன்னா அவளுக்கு உயிரு."

"ம்ம்" என்று பதில் வந்தது. கொஞ்சம் இழுத்த மாதிரி இருந்தாலும், உருக்கமான "ம்ம்".

பாறை நிழலில் குந்தியிருந்த ஒரு அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"யாராண்ட பேசிகினு போற நைனா?"

"எங்க மாமாகிட்டம்மா."

"மாமாவா? அது என் வெள்ளாடுபா!"

வழிகாட்டி முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான். ஆறேழு ஆடுகள் வரிசையாக, பத்திரிகையில் இருந்ததைவிட ஒழுங்காக, என்னைப் பின்தொடர்ந்து நின்றிருந்தன.

அதற்குப் பிறகு என் கால்கள் என்னைக் கேட்காமல் ஓடின. பாதையின் ஒரு பக்கம் பழைய குவாரி. அதல பாதாளத்தில் பச்சைத் தண்ணீர். தண்ணீர் நடுவில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. தொப்பி! ஒரு விசில் அடித்தேன். மூச்சு தீரும் வரை அடித்தேன். கீழே லாரி கழுவிக்கொண்டிருந்த இருவர் ஓடிவந்தார்கள். நான் எப்படியோ சறுக்கிக் கீழே போய்ச் சேர்ந்தேன்.

"எங்க மாமா விழுந்துட்டாருங்க! அதோ தொப்பி!"

"அது சிமெண்ட் கோணி சார். நேத்துலருந்து அங்கதான் கீது."

"இல்லைங்க, தொப்பி!"

ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் லுங்கியை மடித்துக்கொண்டு குதித்தார். முழுகினார். எழுந்தார். மறுபடி முழுகினார். கரையில் நான் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். (அவசரத்தில் ஜானி அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன்.) கடைசியில் அவர் ஒரு சைக்கிளோடு எழுந்தார். துருவேறி, சீட் இல்லாமல், பாசி வழிந்துகொண்டிருந்தது.

"இதா பாரு சார், உங்குளுதா?"

"இல்லைங்க. அது கியர் வச்சது."

"இது தண்ணில ஊறினு கீது சார். கியரு கரஞ்சிருக்கும்."

மற்றவர் மட்டும் பொறுமையாகக் கேட்டார். "விழுந்ததை நீ பார்த்தியா?"

"பார்க்கலை. வழிகாட்டி திரும்பிப் பார்க்கக் கூடாது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. முதலில் அக்காவிடம்தான் சொல்ல வேண்டும். அவளுடைய வாழ்க்கை அல்லவா? வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். "அக்கா, மனசைத் திடப்படுத்திக்கோ" என்று ஆரம்பிப்பதா, "அக்கா, மனுஷ வாழ்க்கைன்னா என்ன" என்று ஆரம்பிப்பதா? எதைச் சொல்லிப் பார்த்தாலும் நான்தான் முதலில் அழுதேன்.

எக்ஸ்சேஞ்ச் வாசலில், வேப்பமரத்தில் சாய்த்து, மாப்பிள்ளையின் சைக்கிள் நின்றிருந்தது. எவனாயிருந்தாலும் இந்த இடத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பான். எனக்குத் தோன்றியது வேறு. போலீஸ் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அடையாளம் காட்டச் சைக்கிளைக் கொண்டுவந்திருக்கிறார்கள்!

கேன்டீனுக்குள் ஓடினேன். "அக்கா! மாமா நம்மளை விட்டுப் போயிட்டாரு அக்கா!"

"எங்கயும் போகலை மச்சான்" என்றார் அக்காவின் எதிரே உட்கார்ந்திருந்தவர். "வாழைக்காய் பஜ்ஜி சொல்லியிருக்கேன், வரட்டும்னு இருக்கேன்."

தொப்பி மேஜைமேல் இருந்தது. காய்ந்த தொப்பி.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா எனக்கு விசிறினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அது வெட்கம் இல்லை என்பது அன்றைக்கு எனக்கே தெரிந்தது.

"அப்பாகிட்ட சொல்லிடாதே. நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். வேலையை விட மாட்டேன்னு நானே என் வாயால சொல்லணும்னு இருந்தது."

"அவர் ஒத்துக்கலேன்னா?"

"திங்கக்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போயிருக்காது" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு விசில் கனத்தது.

"நைட் டூட்டி உண்டான்னு கேட்டேன், உண்டுன்னா" என்றார் மாப்பிள்ளை. "அப்ப நான் ரசமாவது வைக்கக் கத்துக்கணும். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஏன் மச்சான் முழங்காலெல்லாம் ரத்தமா வந்திருக்கே?"

பத்திரிகை அச்சாயிற்று. கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பில் மச்சான் முன்னால் நின்று கூட்டிவர வேண்டும் என்றார்கள். நான் அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், மண்டபம் வரை பின்பக்கமாகவே நடந்தேன். தவில்காரர்மேல் மோதியது அந்த வீடியோவில் இன்றும் தெளிவாக இருக்கிறது. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் அக்கா மகள், "மாமா, பின்னாடி ஆடு வருதா பாருங்க" என்பாள். அக்கா டிரான்ஸ்ஃபரில் திருச்சி போய், அந்த வேலையிலேயே இருந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றாள். மாமா வைக்கும் ரசம் சுமார்.

மாமா ஏதோ ஒரு குறுக்குப் பாதையில், மலைமேலிருந்து என் கண்ணில் படாமல் இறங்கிப் போன வீரர் என்று நான் வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பெருவில்கூட அப்படி இறங்க ஆள் கிடையாது என்பேன். அவரும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். போன பொங்கலுக்குத்தான் அக்கா வாய் திறந்தாள். "கேட் போட்டதும் நின்னுடுங்க, அவன் நிக்க மாட்டான்" என்று அவள் போனில் சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளை அன்று ரயில்வே கேட்டையே தாண்டவில்லை.