நிரந்தர எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது

எங்கள் குடியரசில் கட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கொள்கையில் ஒருநாளும் தடுமாறாத கட்சி என்றால் அது நிரந்தர எதிர்க்கட்சி ஒன்றுதான். அதில் நான் கொள்கைபரப்புச் செயலாளர். பிழைப்புக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை.

எங்கள் கொள்கை ஒரே வரி. அரசாங்கம் எதைச் செய்தாலும் எதிர்ப்பது. பரப்புவதற்கு இவ்வளவு வசதியான கொள்கை வேறு கிடையாது. பாலம் கட்டினால் எதற்குப் பாலம் என்போம். கட்டாவிட்டால் எங்கே பாலம் என்போம். கொடி கறுப்பு. அமைச்சர் யாராவது வந்தால் அதையே தூக்கிக் காட்டிவிடலாம், தனியாகத் தைக்க வேண்டியதில்லை.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். கணீரென்ற குரல். வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, "அது உங்க கருத்து" என்பார்.

என் மனைவி எங்கள் தெருவிலேயே சலவைக் கடை நடத்தி வந்தாள். தெருவுக்கு வரும் பெரிய குழாய் உடைந்துபோய், தண்ணீர் வருவது அதிசயமாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் அழுக்குத் துணியைக் கொடுத்துவிட்டு அழுக்குத் துணியையே திரும்ப வாங்கிப் போனார்கள். இஸ்திரி மட்டும் புதிது. கடையை இழுத்து மூடிவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தத் துயரச் சம்பவம் நடந்தது. நாங்கள் தேர்தலில் ஜெயித்துவிட்டோம்.

நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மறுபாதியைக் கவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தது. ஜனங்கள் வெறுத்துப்போய் எங்களுக்குக் குத்திவிட்டார்கள். கட்சி அலுவலகத்தில் இழவு வீட்டு அமைதி.

"இந்த முடிவை நாம ஏத்துக்க முடியாது. கடுமையா ஒரு கண்டன அறிக்கை எழுதுங்க" என்றார் தலைவர்.

"தலைவரே, ஜெயிச்சது நாமதான்."

"அதனாலதான்யா சொல்றேன். நம்மகிட்ட நாட்டைக் கொடுத்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?"

கண்டன அறிக்கையை வெளியிட்டுவிட்டுப் பதவி ஏற்றுக்கொண்டோம். தலைவர் பிரதமர். நான் குடிநீர்த் துறை அமைச்சர். என் மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டே, "உங்க கட்சியால முதல் தடவையா ஒரு பிரயோஜனம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

அலுவலகத்தில் துறைச் செயலர் காத்திருந்தார். நான் இருமினால்கூட எழுந்து நிற்கிற மனிதர்.

"ஐயா, புதுக் குழாய் வந்து கிடக்கு. ஆளுங்களும் தயார். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேலை ஆரம்பிச்சிடலாம்."

பேனாவைத் திறந்தேன். தலைவரிடமிருந்து போன்.

"போன ஆட்சியில இதே குழாயை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தது யாரு?"

"நான்தான்."

"பழச்சாறு கொடுத்து முடிச்சு வெச்சது?"

"நீங்கதான்."

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, நாம குடிச்ச சாறுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

மத்தியக் குழு கூடியது. நெடிய ஆலோசனைக்குப் பின் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு தீர்மானம் நிறைவேறியது. காலையில் ஆட்சி, பிற்பகலில் எதிர்ப்பு. அதன்படி காலையில் கையெழுத்துப் போட்டுப் பள்ளம் தோண்டச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வந்து கட்சிக்காரர்களோடு அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து, "மக்கள் விரோத அமைச்சரே பதவி விலகு" என்று கோஷம் போட்டேன்.

காவல்துறை ஆய்வாளர் விளிம்பில் வந்து குனிந்தார்.

"ஐயா, உங்களைக் கைது பண்ணணும். ஆனா அமைச்சரைக் கைது பண்ண அமைச்சர் சம்மதம் வேணுங்களே."

"எழுதிக் கொடுங்க, நாளைக்குக் காலையில பரிசீலிக்கிறேன்."

மறுநாள் காலை பரிசீலித்து, கண்டிப்பாக அனுமதி மறுத்தேன். பிற்பகலில் அந்த அடக்குமுறையைக் கண்டித்தேன். இப்படியே நாட்கள் போயின. பள்ளத்தில் நாங்கள் இருந்ததால் குழாய் மேலேயே கிடந்தது.

ஒருநாள் என் மனைவி தெருப் பெண்களோடு காலி வாளிகளைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கே வந்துவிட்டாள்.

"அமைச்சர் எங்கே?" என்றாள்.

"அலுவலக நேரம் முடிஞ்சு போச்சு. இப்ப நான் எதிர்க்கட்சி."

"அப்படின்னா அமைச்சரைத் திட்டலாம்ல?"

"தாராளமா."

திட்டினாள். ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாதி குடிநீர் விஷயம், மீதி வீட்டு விஷயம். அரசாங்கத்தை யார் திட்டினாலும் கைதட்டுவது கட்சி விதி. தட்டினேன்.

அன்று வீட்டில் அவள் கத்தவில்லை. துணியை மடித்துக்கொண்டே, "கடையை மூடல. நானே தேர்தல்ல நிக்கப் போறேன்" என்றாள்.

"எந்தக் கட்சியில?"

"ஜனங்க கேட்டதைச் செய்யற கட்சி. புதுசா ஆரம்பிக்கறேன்."

கட்சிக்கே அதுதான் பெயர். சிரித்தேன். அதற்குள் எங்கள் ஆட்சி கவிழ்ந்தது. எங்கள் மீது நாங்களே கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. நாடாளுமன்ற சரித்திரத்தில் ஒரு எதிர்ப்புக்கூட இல்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம்.

என் மனைவி ஜெயித்துப் பிரதமரானாள். குடிநீர்த் துறையையும் தானே வைத்துக்கொண்டாள். குழாய் பள்ளத்துக்குள் இறங்கியது, தண்ணீர் வந்தது. கடையை அவள் தங்கை பார்த்துக்கொண்டாள். துணிக்கொடியில் வெள்ளைத் துணி நிஜமாகவே வெள்ளையாகக் காய்ந்தது. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை முழுசாகத் தலையில் ஊற்றிக்கொண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோப்பு பட்டுவிட்டது என்று தலைவரிடம் சொன்னேன்.

தலைவர் பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். "இப்பத்தான்யா மூச்சு விடவே முடியுது" என்றவர், தண்ணீரை எதிர்த்துப் பேரணி அறிவித்தார். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். தெருவே வந்தது. தண்ணீர் லாரிக்காரர் வந்தார். சுவரில் ஈரம் ஏறுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். குழாயடியில் கூடிப் பேச இப்போது வழியே இல்லை என்று அவர் மனைவி வந்தார். "வேண்டாம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம்" என்ற கோஷம் எங்கள் கட்சி வரலாற்றிலேயே உரக்க ஒலித்தது.

பிரதமரே வாசலுக்கு வந்து, கடைசிவரை நின்று கேட்டாள்.

"நிஜமாவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்" என்றார் தலைவர்.

"எல்லாருமே அப்படித்தான் சொல்றீங்களா?"

ஆமாம் என்று கூட்டம் முழங்கியது. என் குரல் கொஞ்சம் தனியாகவே கேட்டது. தொழில் பழக்கம்.

மறுநாள் காலை தலை நிறையச் சோப்போடு குழாயைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று வந்தது.

"ஏம்மா, தண்ணி நின்னு போச்சு."

"ஆமாங்க. ஜனங்க கேட்டாங்க, நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றாள் அடுத்த அறையிலிருந்து. "நீங்களும்தானே கேட்டீங்க."

அதற்குள் தெரு வாசலில் திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கிய நுரையோடு நின்றார்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னதை இப்படியா எடுத்துக்கறது?"

"எது பேச்சுக்கு, எது நிஜத்துக்குன்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது?" என்றாள் அவள். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

தண்ணீர் வேண்டும் என்றார்கள். உடனே திறந்துவிடச் சொன்னாள். தண்ணீர் வந்தது, ஆனால் நாட்டில் பீதி பரவிவிட்டது. பேருந்தில், தேநீர்க் கடையில், முடிதிருத்தும் நிலையத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. 'இவனுங்களையெல்லாம் நாடு கடத்தணும்' என்று பாதி சொல்லிவிட்டு, சுற்றிப் பார்த்து விழுங்கிக்கொண்டார்கள்.

அடுத்த தேர்தலில் நாங்கள் அமோகமாக ஜெயித்தோம். முடிவு வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரரிடம், "தண்ணிதான் வந்துச்சே, அவளுக்கே போட்டிருக்கலாமே" என்றேன். பெண்டாட்டி ஆயிற்றே என்று மனசு கேட்கவில்லை.

"நல்ல அம்மாதாங்க" என்றார் அவர் வருத்தமாக. "ஆனா கேட்டதை அப்படியே செய்யற அரசாங்கத்தை வெச்சுக்கிட்டு, மனுஷன் எப்படிங்க ஒண்ணைக் கேக்கறது?"

முந்தைய ஆட்சியின் திட்டம் என்பதால், பதவியேற்ற கையோடு தண்ணீரை நிறுத்தினோம். என் மனைவி கடையை ஆற்றங்கரை ஊருக்கு மாற்றிக்கொண்டாள். மந்திரிசபையின் துணியெல்லாம் இப்போது அங்கேதான் போகிறது. இங்கே எங்கள் தெருவில் பேச்சு திரும்பிவிட்டது. காலையில் உத்தரவு போட்டுவிட்டு, பிற்பகலில் நானும் வாளியோடு போய்த் தெருக்காரர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன். எல்லோருமாகச் சேர்ந்து, எந்தப் பயமும் இல்லாமல், தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.